கண்டெடுக்கப்பட்ட கடவுச்சீட்டு: ஐரோப்பிய எல்லைகளும் அச்சத்தின் அரசியலும்

2015 நவம்பர் 13ஆம் திகதி இரவு பாரிஸ் நகரில் 130 உயிர்களைக் காவுகொண்ட தாக்குதல்களுள் முதலாவது, நகரின் வடக்கே அமைந்த தேசிய விளையாட்டரங்கின் வாயிலருகே நிகழ்ந்தது. அங்கு தம்மைத் தாமே வெடிக்கவைத்துக்கொண்ட மூவருள் ஒருவனது உடலருகே ஒரு சிரியக் கடவுச்சீட்டு கண்டெடுக்கப்பட்டது. அது போலியானது. ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் கிரேக்கத்தின் லெரோஸ் தீவில் அகதிகளோடு அகதியாக வந்திறங்கிய ஒருவன் அதனைக் காட்டித் தன்னைப் பதிவுசெய்திருந்தமை விரைவில் உறுதியாயிற்று. அன்றிரவுத் தாக்குதலில் நேரடியாகப் பங்குகொண்ட பத்துப் பேருள் எட்டுப் பேர் பிரான்ஸின் அல்லது பெல்ஜியத்தின் பிரசைகள். அவர்களுட் பலர் பாரிஸின் புறநகர்களிலும் பிரஸ்ஸல்ஸின் மோலன்பீக் போன்ற பகுதிகளிலும் வளர்ந்தவர்கள். அந்த எட்டுப் பேரின் கடவுச்சீட்டுகள் எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. ஒரு போலிக் கடவுச்சீட்டே ஒரு கண்டத்தின் கொள்கையை எழுதும் பேனாவாக மாறிற்று.

பயங்கரவாதத்துக்கு மேற்குலகு அளித்த பதில்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியவை ஏராளம். அவற்றுட் பல, மேற்கின் வெறுப்பை எடுத்துக்காட்டி, அதனைக் கண்டித்து, அத்துடன் அமைந்துவிடுகின்றன. நாம் இங்கு செய்ய முனைவது வேறு. ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல அந்தப் பதிலை வாசிக்க விரும்புகிறோம். எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எங்கே தன் கூற்றுக்குத் தானே முரண்படுகிறது என்பதே நமது வினா.

முதலில் காலவரிசையை நோக்குவோம். பாரிஸ் தாக்குதலே எல்லைகளை மூடச் செய்தது என்பது பரவலான எண்ணம். உண்மை அவ்வாறன்று. ஹங்கேரி தனது சேர்பிய எல்லையில் முள்வேலியை நிறைவுசெய்து வழியை அடைத்தது 2015 செப்டெம்பர் 15இல். தாக்குதலுக்கு ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னர். ஜேர்மனி ஒஸ்திரிய எல்லையில் சோதனைகளை மீளத் தொடங்கியதும் அதே செப்டெம்பரில்தான். பிரான்ஸைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வியப்புக்குரியது. அவ்வாண்டு பாரிஸில் நடைபெறவிருந்த காலநிலை மாநாட்டை முன்னிட்டு ஒரு மாத காலத்துக்கு எல்லைச் சோதனைகளை நடத்துவதென அரசு ஏற்கனவே அறிவித்திருந்தது. அச்சோதனைகள் தொடங்கவிருந்த நாள் நவம்பர் 13. கொலையாளிகளோ முதல்நாளே வாடகைக் கார்களில் பெல்ஜியத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டனர். உயிருடன் தப்பிய ஒருவன் மறுநாட் காலை பெல்ஜியத்துக்குத் திரும்புகையில் கம்ப்ரே நகருக்கருகே பிரெஞ்சுக் காவலர்கள் காரை மறித்து அவனது அடையாள அட்டையைப் பரிசீலித்தனர். பின்னர் போகவிட்டனர். நான்கு மாதங்கள் கழித்து அவன் பிடிபட்டது, தான் வளர்ந்த மோலன்பீக்கில், குடும்ப வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில்.

ஆக, வேலி முன்னே வந்தது. காரணம் பின்னே வந்து சேர்ந்தது. இவ்வரிசையை மறந்தால் இவ்விடயத்தில் எதுவும் விளங்காது.

தாக்குதலுக்கு மறுநாள், போலந்தில் பதவியேற்கவிருந்த அரசின் ஐரோப்பிய விவகார அமைச்சர், அகதிகளைப் பகிர்ந்தேற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்மானத்தை இனி நிறைவேற்ற இயலாதெனக் கருத்துரைத்தார். இத்தாலியிலும் கிரேக்கத்திலும் தேங்கியிருந்த 160,000 பேரை ஏனைய நாடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதென்பதே அத்தீர்மானம். ஏறத்தாழ 35,000 பேரோடு அத்திட்டம் முடிவுக்கு வந்தது. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய மூன்றும் கடமை தவறியதாக ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அத்திட்டமே உயிரோடு இருக்கவில்லை. பாரிஸில் கொன்றவர்கள் எவரிடமிருந்து தப்பி ஓடிவந்தார்களோ அவர்களே, அக்கொலைகளின் பெயரால் தடுத்து நிறுத்தப்பட்டனர். சிரிய, ஈராக்கிய அகதிகளுட் பெருந்தொகையினர் தாஇஷ் இயக்கத்தின் கொடுமைக்கோ பஷ்ஷார் அல்-அஸதின் குண்டுகளுக்கோ அஞ்சி வந்தவர்கள் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை.

உள்நாட்டில் பிரான்ஸ் மேற்கொண்டதும் நோக்கத்தக்கது. அவசரகால நிலை 2017 நவம்பர் 1 வரை, ஏறத்தாழ இரு வருடங்கள் நீடித்தது. நீதிபதியின் முன் அனுமதியின்றி நான்காயிரத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் தொழுகைக்கூடங்களும் சோதனையிடப்பட்டன. பயங்கரவாதக் குற்ற விசாரணைக்கு இட்டுச்சென்றவை அவற்றுள் மிகச் சொற்பம். அதே அதிகாரத்தைக் கொண்டு காலநிலை மாநாட்டை எதிர்த்த சூழலியல் ஆர்வலர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை வீட்டுக்காவலில் வைத்தனர் என்பதை இடையே குறித்துவைக்கலாம். முஸ்லிமுக்கென்று செதுக்கப்படும் சட்டம் முஸ்லிமோடு நிற்பதில்லை. அவசரகால நிலை நீங்கிய வேளையில் அதன் அதிகாரங்களுட் பல சாதாரணச் சட்டத்துக்குள் குடிபுகுந்துவிட்டன.

இவ்விடத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்வது நமது கடன். தாக்குதல் நடந்து மூன்றாம் நாள் வெர்சாயில் கூடிய பாராளுமன்ற இரு சபைகளின் முன் ஜனாதிபதி ஒல்லாந்த், பிரான்ஸிலேயே பிறந்தவராயினும் இரட்டைக் குடியுரிமை உடையவர் பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால் அவரது பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிக்கும் வகையில் அரசியலமைப்பைத் திருத்தும் யோசனையை முன்வைத்தார். இரட்டைக் குடியுரிமையாளர் எனும்போது மக்ரிப் நாடுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகளே அனைவரது மனத்திலும் தோன்றினர் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஒரே மண்ணில், ஒரே மருத்துவமனையில் பிறந்த இருவருள் ஒருவரின் குடியுரிமை நிலையானது, மற்றவருடையது நிபந்தனைக்குட்பட்டது என்பதே அதன் பொருள். நீதி அமைச்சராயிருந்த கிறிஸ்தியான் தொபிரா 2016 ஜனவரியில் பதவி துறந்தார். பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர், முஸ்லிம் அல்லர். மார்ச் மாத இறுதியில் ஒல்லாந்த் அத்திருத்தத்தைக் கைவிட்டார். மேற்குலகு என்று ஒரே சொல்லால் அனைவரையும் கட்டிவைத்துப் பேசும் நமது எழுத்தாளர்கள் இந்த இராஜினாமாவை ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய அறிவுலகம் இதற்கெல்லாம் துணைநின்றதா? முழுமையாக அல்ல. அவ்வாண்டுகளில் பிரான்ஸின் இரு பேரறிஞர்களிடையே மூண்ட விவாதம் நமது வாசகர் அறிய வேண்டியது. ஜில் கெப்பல் 2015 இறுதியில் வெளியிட்ட நூலில், இவ்வன்முறையின் வேர் ஸலபிஸத்தின் பரவலில் இருப்பதாக வாதிட்டார். அபூ முஸ்அப் அஸ்-ஸூரி 2005இல் இணையத்தில் வெளியிட்ட பெரும் நூலே ஐரோப்பிய மண்ணில் தாக்குதல்களுக்குத் திட்டம் வகுத்தது என்பது அவரது முடிவு. ஒலிவியே ருவா இதனை மறுத்தார். இவ்விளைஞர்கள் பள்ளிவாசலில் வளர்ந்தவர்கள் அல்லர். சிறு குற்றங்களிலும் போதையிலும் இரவு விடுதிகளிலும் காலங்கழித்து, சிறையிலோ நண்பர் வட்டத்திலோ திடீரென மதத்தைக் கண்டடைந்த இரண்டாம் தலைமுறையினர். அவர்களிடம் முதலில் இருப்பது நாசவேட்கை. அதற்கு இஸ்லாத்தின் ஆடை பின்னரே அணிவிக்கப்படுகிறது என்றார் அவர். ருவா அரபு மொழி அறியாதவர் என்று கெப்பல் எள்ளியதும், பதிலுக்கு எழுந்த கணைகளும் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாயின. இவ்விருவருக்கும் அப்பால் பிரான்ஸுவா புர்கா, காலனித்துவத்தின் வடுக்களையும் மத்தியகிழக்கில் மேற்கின் படையெடுப்புகளையும் ஒதுக்கிவிட்டு இதனை விளக்க முடியாதென்றார்.

யார் சரி என்பதை இங்கு தீர்க்க நாம் முற்படவில்லை. கெப்பலின் வாதத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டும் அவசரம் தெரிகிறது. ருவாவோ, அணியும் ஆடை ஏன் இதுவேயாகிறது என்ற கேள்வியை இலேசாகக் கடந்துவிடுகிறார். ஆயினும் ஒன்றை அவதானியுங்கள். எதிரெதிராக நின்ற இருவரும் நோயின் இருப்பிடத்தை எங்கே கண்டனர்? பிரான்ஸின் புறநகரில், அதன் சிறைச்சாலையில், அதன் பள்ளிக்கூடத்தில். ஈஜியன் கடலில் மிதக்கும் இறப்பர்ப் படகில் அதனைக் கண்டவர் அவர்களுள் எவருமில்லை. அறிஞர் உள்ளே பார்க்கச் சொன்னார். அரசோ வெளியே பார்த்தது. வெளியே பார்ப்பது எளிது. அங்கே வாக்காளர் இல்லை.

இதற்கு மறுதலையான சான்றுகளும் உள்ளன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. விளையாட்டரங்கின் வாயிலில் மாண்ட இருவர் லெரோஸ் வழியாக வந்தவர்களே. 2016 டிசம்பர் 19இல் பெர்லின் நத்தார்ச் சந்தையில் லொறியை ஏற்றிக் கொன்றவன் புகலிடம் மறுக்கப்பட்ட ஒரு தூனிசியன். கொன்றபின் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் ஆகியவற்றைக் கடந்து இத்தாலியின் மிலான் நகருக்கருகே நான்காம் நாள் சுட்டுக்கொல்லப்படும்வரை எவரும் அவனை மறிக்கவில்லை. 2024 ஒகஸ்டில் சோலிங்கன் நகரில் மூவரைக் குத்திக்கொன்ற சிரியன், சட்டப்படி பல்கேரியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டிருக்க வேண்டியவன். தன் பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒரு ஜேர்மானியத் தாயின் அச்சத்தை இனவெறி என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. அந்த அச்சம் மெய்யானது. அதனை எவர், எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதே வினா.

2024 டிசம்பர் 20ஆம் திகதி மக்டபேர்க் நகரின் நத்தார்ச் சந்தைக்குள் ஒரு கார் பாய்ந்து ஆறு பேர் உயிரிழந்தனர். சாரதி ஒரு சவூதி அரேபியர் என்று தெரிந்தவுடன் எல்லையை மூடுக என்ற முழக்கம் எழுந்தது. பின்னர் வெளிவந்த செய்தி அம்முழக்கத்துக்கு ஏற்றதாக இருக்கவில்லை. அவர் 2006 முதல் ஜேர்மனியில் வாழ்ந்த மருத்துவர். இஸ்லாத்தைத் துறந்து அதனைப் பகிரங்கமாகச் சாடிவந்தவர். ஜேர்மனி முஸ்லிம்களுக்கு இடங்கொடுப்பதாகக் குறைபட்டவர். தீவிர வலதுசாரிக் கட்சியை ஆதரித்துக் கருத்து வெளியிட்டவர். முழக்கமிட்டோருட் பலர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. சான்று மாறியபோதும் முடிவு மாறாதிருப்பின், அம்முடிவு சான்றிலிருந்து பிறந்ததன்று.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். "இஸ்லாமியப் பயங்கரவாதம்" என்ற சொற்சேர்க்கையை நாம் ஏற்பதில்லை. அது ஒரு மார்க்கத்தைக் குற்றத்தின் பெயரெச்சமாக்குகிறது. ஆனால் சொல்லை மறுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. அக்கொலைகளைப் புரிந்தோர் நமது சொற்களைக் கொண்டே அவற்றைப் புரிந்தனர். இதெல்லாம் மேற்கின் சதி, உளவுத்துறைகளின் நாடகம் என்று கூறி அமைதிகாணும் போக்கு நம்மிடையே உண்டு. அது சோம்பேறித்தனமானது, ஆபத்தானதும்கூட. 2019 ஏப்ரல் 21இல் இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் மனிதர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் நாம் பேசும் இதே தமிழில் பிரசங்கம் செய்தவன். அதன் பின்னர் எந்தச் சதிக் கதையும் நமக்கு உதவாது.

நமது மரபில் இக்குற்றத்துக்குத் துல்லியமான பெயரொன்று உண்டு என்பதை நமது ஆலிம்களே போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என எண்ணுகிறோம். ஃபிக்ஹ் கலையில் "அமான்" என்பது அடைக்கல உடன்படிக்கை. எதிரி நாட்டவனாயினும் பாதுகாப்புக் கோரினால் அளிக்க வேண்டும். பின்னர் அவனைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பிக்கவும் வேண்டும் என்பது ஸூரா அத்தவ்பாவின் 6ஆம் வசனத்தின் கருத்து. மக்கா வெற்றியின் நாளில் உம்மு ஹானி (ரழி) அவர்கள் தம் கணவர் வழி உறவினர் இருவருக்கு அளித்த அடைக்கலத்தை, அவரது சகோதரர் அலீ (ரழி) அவர்கள் ஆட்சேபித்தபோதும், நபி (ஸல்) அவர்கள் ஏற்று உறுதிப்படுத்தினார்கள். ஒரு தனிமனிதர், அதுவும் ஒரு பெண், அளித்த வாக்கு முழுச் சமூகத்தையும் கட்டுப்படுத்திற்று.

இச்சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு முஸ்லிம் பிறரது நாட்டினுள் அவர்களது அமானைப் பெற்று நுழைந்தால், அங்குள்ளோரின் உயிருக்கும் பொருளுக்கும் அவன் துரோகமிழைத்தல் ஹராம். ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மத் அஷ்-ஷைபானியின் ஸியர் நூல்களும், அவற்றுக்கு இமாம் ஸரக்ஸி எழுதிய விரிவுரையும் இதனை நுணுக்கமாக ஆராய்கின்றன. இன்றைய வீஸாவும் வதிவிட உரிமையும் புகலிட அட்டையும் அமானின் நவீன வடிவங்களே என்பதில் சமகால அறிஞர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு. குடியுரிமையோ அதனினும் உறுதியான உடன்படிக்கை. அகதியாக ஒரு கரையில் ஏறி, தனக்குத் தண்ணீரும் போர்வையும் தந்தவர்களின் நகரத்தில் குண்டு வைத்தவன் கொலைகாரன் மட்டுமல்லன், அமானை முறித்தவன். அவனுக்குப் பின்னால் அதே படகில் வந்த உண்மையான அகதியின் அடைக்கலத்தையும் அவனே திருடியிருக்கிறான். ஸ்பெயினின் இஸ்லாமியப் பேரவை, மத்ரித் ரயில் குண்டுவெடிப்பின் முதலாண்டு நிறைவில், 2005 மார்ச்சில், பின்லாதினுக்கெதிராகப் பத்வா வழங்கியதும், 2014 செப்டெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலிம்கள் அபூபக்ர் அல்-பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியதும் இத்திசையில் வைத்த காலடிகள். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவற்றுக்கு ஒரு மூலையையே ஒதுக்கின. முஸ்லிம்கள் ஏன் கண்டிப்பதில்லை என்ற கேள்விக்கோ முன்பக்கம் எப்போதும் திறந்திருந்தது.

அமான் பற்றிப் பேசும்போது இப்னு ஜுபைரின் பயண நூல் நினைவில் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. கிரனடாவிலிருந்து 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்பெரியார், அலெக்ஸாந்திரியத் துறைமுகத்தில் முஸ்லிம் அதிகாரிகள் ஹாஜிகளைச் சோதனையிட்ட இழிவான முறையை மனம் நொந்து பதிவுசெய்கிறார். சிலுவைப் படையினர் வசமிருந்த அக்கா நகரின் சுங்கத்திலோ, அரபு மொழி பேசி அரபில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தர்கள் கண்ணியமாக நடந்துகொண்டதாகக் கூறுகிறார். சிலுவைப் போர் நடந்த காலம் அது! தாயகம் திரும்புகையில் 1184 இறுதியில் மெஸ்ஸினா நீரிணையில் அவரது கப்பல் உடைந்தது. கரைசேர்க்க வந்த படகோட்டிகள் பணம் கேட்டனர். ஏழை முஸ்லிம்களிடம் கொடுக்க எதுவுமிருக்கவில்லை. அப்போது அந்நகரிலிருந்த சிசிலியின் கிறிஸ்தவ மன்னன் இரண்டாம் வில்லியம், அவர்களுக்காகத் தன் பணத்தில் நூறு பொற்காசுகள் கொடுக்கச் செய்தான். பிற்காலத்தில் லம்பெதூசாத் தீவருகே 2013 ஒக்டோபர் 3இல் 360க்கும் அதிகமானோர் மூழ்கி மாண்டதும் அதே சிசிலியின் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பில்தான்.

அந்தக் கடலை இன்று காப்பது பிரொன்டெக்ஸ் எனும் ஐரோப்பிய எல்லை முகவரகம். வார்ஸோவைத் தலைமையிடமாகக் கொண்டு 2005இல் அது இயங்கத் தொடங்கியபோது அதன் வருடாந்த நிதி சுமார் 6 மில்லியன் யூரோ. 2023இல் அது 800 மில்லியனைத் தாண்டிற்று. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, 2027க்குள் 10,000 பேர் கொண்ட நிரந்தரப் படையணியை அதற்கு வாக்களித்தது. இவ்வளர்ச்சியை நியாயப்படுத்திய உரைகளில் ஆட்கடத்தலுக்கும் குடிபெயர்வுக்கும் அருகே பயங்கரவாதம் தவறாது இடம்பெற்றது. மூன்றும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டன. அகதிகளைக் கடலிலேயே பின்தள்ளிய செயல்களை முகவரகம் கண்டும் மூடிமறைத்தது என்ற குற்றச்சாட்டுகளின் மத்தியில், ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகத்தின் விசாரணையைத் தொடர்ந்து, அதன் பணிப்பாளர் பப்ரிஸ் லெஜெரி 2022 ஏப்ரலில் பதவி விலகினார். இரு வருடங்களின் பின் மரீன் லெ பென்னின் கட்சிப் பட்டியலில் போட்டியிட்டு ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரானார். இதற்கு விரிவுரை தேவையில்லை.

நீதிமன்றங்கள் அவ்வப்போது குறுக்கிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளக எல்லைச் சோதனையை ஒரே அச்சுறுத்தலைக் காட்டி ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கலாகாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2015இல் ஒரு மாதத்துக்கென அறிவிக்கப்பட்ட பிரான்ஸின் சோதனையோ, பத்து வருடங்களின் பின்னும் தவணை தவணையாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு புதிய அச்சுறுத்தல் கிடைத்தது.

சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் கணக்கின்படி 2014 முதல் மத்தியதரைக் கடலில் மாண்டோரும் காணாமற்போனோரும் 30,000ஐத் தாண்டிவிட்டனர். 2023 ஜூன் 14இல் கிரேக்கத்தின் பிலோஸ் கரைக்கப்பால் மூழ்கிய மீன்பிடிப் படகில் சுமார் 750 பேர் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. பாகிஸ்தானியர், எகிப்தியர், சிரியர், பலஸ்தீனர். 104 பேரே உயிர்தப்பினர். கிரேக்கக் கடலோரக் காவற்படையின் கலம் பல மணி நேரம் அருகிலேயே இருந்தது. உயிர்தப்பியோருள் ஒன்பது எகிப்தியரைப் பிடித்து, ஆட்கடத்தியோர் எனவும் படகு மூழ்கக் காரணமானோர் எனவும் குற்றஞ்சாட்டிச் சிறையில் வைத்தனர். கலாமாத்தா நகர நீதிமன்றம் 2024 மே மாதம் அவர்களை விடுவித்தது. படகு மூழ்கியது சர்வதேசக் கடற்பரப்பில். அங்கு கிரேக்க நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஒரு வருடத்தின் பின், 2025 மே மாதத்தில், கடற்படை நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் காவற்படையினர் பதினேழு பேர்மீது குற்றஞ்சாட்டினார். அவர்களுள் அக்கலத்தின் தலைவரும் ஒருவர்.